உலர்த்திய பூ ஏன் கறுக்கிறது, வாங்கிய பொடி ஏன் பளிச்சிடுகிறது?

கேள்வி: துளசி, செம்பருத்தி, சங்குப்பூ, நித்தியகல்யாணி ஆகிய நான்கையும் வீட்டில் வளர்க்கிறேன். பூக்கும் காலத்தில் பறித்து உலர்த்தி ஆண்டு முழுவதும் பயன்படுத்த நினைத்தேன். ஆனால் புட்டியில் அடைத்த இரண்டே வாரத்தில் பூக்கள் கறுத்து வாடை வீசுகின்றன. விற்பனைக்கு வரும் பொடியோ பல மாதங்கள் பளிச்சென்று இருக்கிறது. பேசாமல் அதையே வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் செடியிலும் கைப்பக்குவத்திலும் பெரிய குறை எதுவும் இல்லை. ஈரம் முழுவதும் போகும் முன்பே மூடியைத் திருகிவிட்டீர்கள், அவ்வளவுதான். செம்பருத்தியில் இதழ் விரைவில் காய்ந்துவிடும். ஆனால் அடியிலுள்ள பச்சைப் புல்லி வட்டமும் நடுவில் நீண்டிருக்கும் மகரந்தத் தண்டும் தொட்டால் காய்ந்ததுபோல் தோன்றினாலும் உள்ளே ஈரத்தை வைத்திருக்கும். பூசணம் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. ஆகவே இரண்டையும் கிள்ளி எறிந்துவிட்டு இதழ்களை மட்டும் உலர்த்துங்கள். சங்குப்பூவின் பச்சை அடிப்பகுதிக்கும் இதுவே பொருந்தும்.

பறிக்கும் நேரம், பனி உலர்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்கு முன். செம்பருத்தி பெரும்பாலும் ஒரே நாள் பூ என்பதால், மலர்ந்த அன்றே பறித்துவிட வேண்டும். துளசியின் மணம் அதன் எண்ணெயில் இருக்கிறது. கதிர் விட்டுப் பூக்கத் தொடங்கும் முன்பே இலையைக் கொய்வதுதான் நல்லது. கதிரைக் கிள்ளிக்கொண்டே வந்தால் ஒரே பருவத்தில் பல முறை இலை கிடைக்கும். ஒன்றன்மேல் ஒன்று படியாமல் பரப்பி, காற்றோட்டமுள்ள நிழலில் உலர்த்துங்கள். நேர் வெயில் நிறத்தையும் மணத்தையும் சேர்த்தே கொண்டுபோய்விடும். கருவியில் உலர்த்துவதானால் 40 டிகிரி செல்சியசைத் தாண்ட விடாதீர்கள். தொடர் மழை நாள்களில் உலர்த்தும் முயற்சியே வேண்டாம். அப்போது நித்தியகல்யாணி தவிர மற்றவற்றில் பூப்பதை அன்றன்றைக்குப் பச்சையாகவே வெந்நீரில் இட்டு அருந்தி மகிழுங்கள். சேமிப்புக்கு வறண்ட நாள்கள் வரட்டும்.

காய்ந்ததா என்று அறிய எளிய வழி உண்டு. இதழைக் கசக்கினால் மடங்காமல் நொறுங்க வேண்டும். பிறகு கண்ணாடிப் புட்டியில் பாதியளவு போட்டு மூடி, ஒரு வாரம் கவனியுங்கள். உட்சுவரில் மூச்சு பட்டதுபோல் சிறு மூட்டம் படிந்தால்கூட, எல்லாவற்றையும் கொட்டி மறுபடி உலர்த்துங்கள். ஏற்கெனவே பூசணம் பிடித்ததை முழுவதுமாக எறிந்துவிடுங்கள். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். சில பூசணங்கள் விடும் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு கொதிநீருக்கு அழியாது.

இனி அந்தப் பளிச்சென்ற பொடி. இலையோ பூவோ பொடியானதும் காற்றும் ஒளியும் படும் பரப்பு பன்மடங்காகிறது; ஆகவே முழு இதழைவிடப் பொடி விரைவாக மங்குவதுதான் இயல்பு. பல மாதங்கள் மங்காத பொடி என்றால் எனக்கு முதலில் சாயத்தின் மேல்தான் ஐயம் வரும். சங்குப்பூப் பொடியை நீங்களே சோதிக்கலாம்: நீரில் கரைத்து எலுமிச்சைச் சாறு விட்டால் நீலம் ஊதாவாக மாற வேண்டும், மாறாமல் நீலமாகவே நின்றால் அந்த நிறம் பூவினுடையது அன்று. மற்றப் பல பொடிகளுக்கு இப்படி எளிய வீட்டுச் சோதனை இல்லை என்பதுதான் இடைத்தரகர்களுக்கு வசதி. ஒரு முறை மூலிகைச் சாக்கு ஒன்றைப் பார்க்கப் போனேன். வாய்ப்பகுதியில் இலைகள் சலசலவென்று அருமையாக இருந்தன; முழங்கை வரை கையை விட்டபோது உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. எடை கூடுவதற்காக நீர் தெளித்திருந்தார்கள். ஈரக் குவியலுக்குள் நுண்ணுயிர்கள் பெருகும்போது எழும் சூடு அது. அந்தச் சாக்கும் எங்கோ அரைபட்டு, அழகான உறைக்குள் போயிருக்கும். உறையின் மேலும் பொதி செய்த தேதி இருக்குமே தவிர, பறித்த தேதியைத் தேடினாலும் கிடைக்காது. பறித்த பருவத்தைப் பொறுத்தே மருந்தின் வீரியம் என்று எல்லாரும் ஒப்புக்கொள்ளும் ஒரு பொருளுக்கு, அந்தப் பருவத்தைத் தவிர மற்றதையெல்லாம் அச்சிடச் சொல்லும் விதிகளை யார்தான் எழுதினார்களோ!

உங்கள் பட்டியலில் உள்ள நித்தியகல்யாணியைப் பற்றி மட்டும் சற்று நீளமாகவே சொல்ல வேண்டும். அதை உலர்த்தவும் வேண்டாம், குடிக்கவும் வேண்டாம். செடியில் இருக்கும்போதே பார்த்து மகிழுங்கள். சர்க்கரை நோய்க்கு நல்லது என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அதே நம்பிக்கையோடு ஜமைக்காவிலிருந்து வந்த இலைகளைத்தான் 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிள் என்ற மருத்துவ ஆய்வாளர் ஆராய்ந்தார். வாய்வழி கொடுத்தபோது எலிகளின் இரத்தச் சர்க்கரை குறையவில்லை. சாற்றை ஊசியில் ஏற்றியபோதோ, இரத்த வெள்ளணுக்கள் சரிந்து எலிகள் தொற்றுக்குப் பலியாயின. அந்தக் கேட்டிலிருந்துதான் 1958இல் அவரும் உடன் ஆராய்ந்த சார்லஸ் பீரும் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தைக் கண்டார்கள். அதன் உடன்பிறப்பான வின்கிரிஸ்டினும் இதே செடியில் இருப்பதுதான். மருத்துவமனையில் இவற்றை மில்லிகிராம் கணக்கில் அளந்து, இரத்த அணுக்களை எண்ணிக்கொண்டே சிரை வழியே செலுத்துகிறார்கள். செடியில் ஆல்கலாய்டுகள் எனப்படும், உடலில் வினைபுரியும் வேதிப்பொருள்கள் 100க்கும் மேல் உண்டு. அவற்றின் அளவு பருவத்துக்குப் பருவம் மாறும். ‘இலையில் இருப்பது கொஞ்சம்தானே’ என்று விற்பவர் சொல்வார். அந்தக் கொஞ்சத்தை அளந்து பார்த்தீர்களா என்று திருப்பிக் கேளுங்கள். சர்க்கரைக்கான மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடிப்பவர்களுக்கு ஆபத்து இரட்டிப்பு.

மற்ற மூன்றையும் சுவைக்காகவும் மணத்துக்காகவும் அளவோடு அருந்தலாம். ஆனால் நாள்தோறும் மருந்து உட்கொள்பவர் யாரேனும் வீட்டில் இருந்தால், அவருக்குக் கொடுக்கும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இதழ்களை முழுதாகவே வைத்திருந்து, வேண்டும்போது மட்டும் நொறுக்குங்கள். புட்டியை இருட்டான அலமாரியில் வைத்து, பறித்த தேதியை அதன்மேல் எழுதி ஒட்டுங்கள். அடுத்த பருவத்துப் பூ காய்ந்து வந்ததும், பழையது மிச்சமிருந்தாலும் செடிக்கு உரமாகப் போட்டுவிடுங்கள்.