வாசகர் கேள்விகள்: வசனத்துக்கு முன்னும் பின்னும்

கேள்வி: அக்காவுக்கு ஸ்தோத்திரம். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிறேன். காலை எட்டரைக்கு உள்ளே போனால் ஒன்றரை ஷிப்ட் முடிந்து ராத்திரி எட்டரைக்குத்தான் வெளியே வருகிறேன். ஷிப்மென்ட் சமயத்தில் அதற்கும் உத்தரவாதம் இல்லை. சோறாக்கி, பிள்ளைகளைப் படுக்க வைத்துவிட்டு வேதத்தைத் திறந்தால் நாலு வசனத்துக்குள் கண் சொக்கிவிடுகிறது. சபையில் மற்றவர்கள் ஒரு வருஷத்தில் முழு வேதத்தையும் வாசித்து முடித்ததாகச் சாட்சி சொல்லும்போது எனக்குக் குறுகிப்போகிறது. – ஒரு சகோதரி, திருப்பூர்

பதில்: அம்மிணி, 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நிதானமாக வாசித்துப் பாருங்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்று சொல்லிவிட்டு அப்படியே படுத்துத் தூங்கிவிடுகிறார். அடுத்து தூதன் வருகிறான், வந்து ஒரு வார்த்தையாவது கண்டித்தானா? தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருக்கின்றன. தின்றுவிட்டு மறுபடியும் தூங்குகிறார், தூங்க விடுகிறான். இரண்டாம் தடவை எழுப்பும்போதுதான் பிரயாணம் வெகுதூரம் என்கிற பேச்சே வருகிறது. பன்னிரண்டு மணி நேரம் மெஷினில் குனிந்திருந்த உடம்புக்குத் தூக்கம் வருவதைப் பாவக் கணக்கில் எழுதாதீர்கள். பவுலும் கூடாரம் பண்ணுகிற தொழில் செய்தவர்தான், தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது இரவும் பகலும் வேலை செய்ததைச் சொல்கிறார். உங்கள் அலுப்பு அவருக்குத் தெரியும்.

வேதத்தில் மொத்தம் 1189 அதிகாரங்கள். ஒரு வருஷத்தில் முடிக்க நாளுக்கு மூன்று, ஞாயிறு ஐந்து என்று ஓட வேண்டும். இப்போதைக்கு அந்த ஓட்டம் உங்களுக்கு வேண்டாம். சங்கீதம் 120 முதல் 134 வரை ஆரோகண சங்கீதங்கள், அதாவது ஏறிப்போகும்போது பாடும் பாட்டுகள், என்று தலைப்பிட்ட பதினைந்து இருக்கின்றன. 132-ஐத் தவிர எதுவும் ஒன்பது வசனத்தைத் தாண்டாது. வாரத்துக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், வாரம் முழுக்க அதே ஒன்றுதான். 131-இல் மூன்றே வசனம், அதை டீ டைமில் மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிடலாம். அதில் தாவீது, பால் மறந்த குழந்தையைப்போல என் ஆத்துமாவை அடக்கி அமரப்பண்ணினேன் என்கிறார். பிள்ளை வளர்க்கும் உங்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: சோமனூர் பக்கம் கூலிக்குத் தறி ஓட்டிக்கொண்டிருந்தேன். புத்தாண்டு ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டை எரேமியா 29:11, "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வசனம். அதை நம்பி தறிக்குடோன் சுவரில் ஒட்டி வைத்தேன். கூலியும் ஏறவில்லை, கரண்ட் பில்லும் கட்ட முடியவில்லை. கடைசியில் தறிகளைப் பழைய இரும்பு விலைக்கு எடை போட்டுக் கொடுத்துவிட்டேன். அட்டை இன்னும் சுவரில்தான் இருக்கிறது. அதைப் பார்த்தாலே கோபம் வருகிறது. – ஒரு வாசகர்

பதில்: தம்பி, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. தறி சத்தத்திலேயே வளர்ந்தவருக்கு அந்தக் குடோன் அமைதியாகக் கிடப்பது எப்படி இருக்கும் என்று நினைத்தாலே மனசு கனக்கிறது. அந்த வசனத்தை விட்டுவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது யாருக்கு, எப்போது எழுதப்பட்டது என்று பார்த்துவிட்டு மறுபடியும் வாசிக்கச் சொல்வேன்.

கி.மு. 597-இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து ஒரு பெரிய கூட்டத்தைப் பாபிலோனுக்குச் சிறைபிடித்துப் போனான். வீடு, நிலம், தொழில் எல்லாம் போய்விட்ட அந்த ஜனங்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம்தான் 29-ஆம் அதிகாரம். அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி எழும்பி, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று ஆலயத்தில் நின்று அறிவிக்கிறான். கேட்க எவ்வளவு இனிப்பாக இருந்திருக்கும்! அது பொய். எரேமியா சொன்னது எழுபது வருஷம், அதுவும் உங்கள் அட்டை வசனத்துக்கு நேர் முந்தின வசனத்திலேயே, 29:10-இல் இருக்கிறது. அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர்களில் பாதிப்பேர் ஊர் திரும்பாமலே செத்திருப்பார்கள். அவர்களுக்குத்தான் கர்த்தர் "தீமைக்கல்ல" என்று சொன்னார்.

அட்டையில் அச்சடிக்கிறவர்கள் பத்தாம் வசனத்தையும் சேர்த்து அச்சடித்தால் நன்றாக இருக்கும் என்பது என் நெடுநாள் ஆதங்கம். நஷ்டமே வராது என்று கர்த்தர் அங்கே சொல்லவில்லை. நஷ்டம் வந்த இடத்திலும் உங்களை மறக்கவில்லை என்றுதான் சொல்கிறார். அப்புறம் ஐந்தாம் வசனத்தில், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள் என்கிறார். ஏழாம் வசனத்தில், சிறையிருக்கிற அந்தப் பட்டணத்துக்காகவே ஜெபிக்கச் சொல்கிறார், அதற்குச் சமாதானம் இருந்தால் உங்களுக்கும் இருக்கும் என்று. இப்போது நீங்கள் வேறு யாரோ ஒருவருடைய மில்லில் சம்பளத்துக்குப் போகிறீர்கள் என்றால், அந்த இடத்துக்காக ஜெபிப்பதற்கும் வேதத்தில் இடம் இருக்கிறது.

இன்னும் கோபம் இருந்தால் சங்கீதம் 13-ஐச் சத்தமாக வாசியுங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று ஆரம்பிக்கிறது. கோபப்பட்டு ஜெபித்ததற்காகத் தாவீதை யாரும் சபையைவிட்டுத் தள்ளவில்லை. கடன் எவ்வளவு என்று வீட்டில் முழுசாகச் சொல்லிவிட்டீர்களா? சொல்லவில்லை என்றால் இந்த வாரமே சொல்லுங்கள். ஆயரிடமும் சொல்லுங்கள். "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து" என்று கலாத்தியர் 6:2 சொல்வது சபைக்குத்தான், சுமை இருப்பதே தெரியாமல் அவர்கள் எப்படிச் சுமப்பார்கள்?

கேள்வி: ஆலயத்துக்குப் புத்தகம் கொண்டுவராமல் போனில் வேதம் வாசிப்பது தப்பா? – கல்லூரி மாணவி, கோபிசெட்டிபாளையம்

பதில்: தப்பில்லை. நெட்டை மட்டும் அணைத்துவிடுங்கள். தனி வாசிப்புக்கு ஒரு புத்தகமும் வைத்துக்கொள்ளுங்கள் கண்ணு, கோடு போட்டு, ஓரத்தில் தேதி எழுதி வைத்த பக்கம் பத்து வருஷம் கழித்து உங்களிடம் பேசும்.

கேள்வி: எங்கள் ஜெபக்குழுவில் இருக்கும் ஒரு தங்கச்சியின் அப்பா தோப்பில் வாடல் நோய் வந்து தென்னைகளை வெட்டித் தள்ளுகிறார்கள். ஆறுதலாக இருக்கட்டும் என்று தினமும் காலையில் அவளுக்கு வசனம் அனுப்பினேன். ரோமர் 8:28 அனுப்பிய அன்று, இனிமேல் அனுப்பாதீங்க அக்கா என்று சொல்லிவிட்டாள். நான் செய்ததில் என்ன குறை? – பொள்ளாச்சி வாசகி

பதில்: உங்கள் அன்பில் குறை இல்லை. வசனமும் சத்தியம்தான். ஆனால் பிள்ளை மாதிரி வளர்த்த மரத்தை வெட்டுகிற நாளில் "சகலமும் நன்மைக்கு ஏதுவாக" என்று போனில் வந்தால் எப்படி இருக்கும்? யோபுவின் சிநேகிதர் மூன்று பேரும் ஏழு நாள் அவரோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள், யோபு 2:13. அதுவரைக்கும் நல்ல சிநேகிதர்கள். வாயைத் திறந்தபிறகுதான் அவருக்குப் பாரமானார்கள். ரோமரிலேயே நாலு அதிகாரம் தள்ளி, 12:15-இல் "அழுகிறவர்களுடனே அழுங்கள்" என்றும் இருக்கிறதே.

இந்த வாரம் தோப்புக்கே போங்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், அவள் அப்பா மரங்களைப் பற்றிப் பேசினால் பேசட்டும். அவளாக வேதம் வாசிக்கலாம் என்று கேட்டால் ஆபகூக் தீர்க்கதரிசியின் புத்தகத்தை எடுங்கள். அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், தொழுவத்திலே மாடு இல்லாமற்போனாலும் என்று வரும் பகுதி நமக்கெல்லாம் தெரியும், ஆனால் அது மூன்றாம் அதிகாரத்தின் கடைசியில்தான் வருகிறது. நீங்கள் முதல் அதிகாரத்திலிருந்தே ஆரம்பியுங்கள். அங்கே ஆபகூக்கும், இவ்வளவு கூப்பிட்டும் நீர் ஏன் கேட்கவில்லை என்று கர்த்தரிடம் நியாயம்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.