மருத்துவம்: கேள்வி – பதில்

கேள்வி: எனக்கு 58 வயது. சில மாதங்களாக இரண்டு கைகளிலும் மரமரப்பு. சட்டைப் பொத்தான் போடவே தடுமாறுகிறேன். மருத்துவர் 10 விநாடி கையை மூடித் திறக்கச் சொல்லி எண்ணிப் பார்த்துவிட்டு, கழுத்துக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். கழுத்தில் வலியே இல்லையே?

பதில்: வலி இல்லாமலேயே கழுத்தில் தண்டுவடம் நசுங்கலாம். கழுத்தெலும்புகளுக்கு இடையே தேய்ந்த வட்டும் எலும்பு முளைகளும் தடித்த தசைநாரும் சேர்ந்து தண்டுவடக் குழாயைக் குறுக்கிவிடும். அப்போது முதலில் சொல்பேச்சுக் கேட்காமல் போவது பெரும்பாலும் விரல்கள்தான். மரமரப்பை மட்டும் பார்த்தால் மணிக்கட்டு நரம்புக் கோளாறு என்று தோன்றும். அதனால்தான் கையை மூடித் திறக்கும் இந்தச் சோதனை.

உள்ளங்கை கீழே பார்த்திருக்க, விரல்களை இறுக மூடி முழுவதுமாக விரிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து ஒரு கணக்கு. ஒவ்வொரு கையையும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஆரோக்கியமான கை 10 விநாடியில் 20 முறைக்கு மேல் செய்யும். அதற்குக் கீழே போனால் சந்தேகம். வயது கூடக் கூட எண்ணிக்கை கொஞ்சம் குறைவது இயல்பு.

எண்ணிக்கையை விட, கை எப்படி அசைகிறது என்பது முக்கியம். தண்டுவடம் நசுங்கியவர்களுக்கு மூடுவதை விட விரிப்பதுதான் சிரமம். சுண்டு விரலும் மோதிர விரலும் பாதி மடங்கியே நிற்கும். அதை ஈடுகட்ட, விரிக்கும்போது மணிக்கட்டு தானாகக் கீழே வளையும். வேகத்துக்காக அரைகுறையாகத் திறப்பதையும் கணக்கில் சேர்த்தால் 20 எளிதாக வந்துவிடும். பலரும் ஏமாறுவது இங்கேதான்.

அடுத்து, விரல்களை ஒட்டி நேராக நீட்டி 30 விநாடி அப்படியே வைத்துப் பாருங்கள். சுண்டு விரல் மெல்ல விலகியோ மடங்கியோ போனால் அதுவும் ஓர் அடையாளம். விரல் மூட்டு வாதம், பார்க்கின்சன் நோய், பழைய கை எலும்பு முறிவு ஆகியவையும் இந்தச் சோதனைகளைக் கெடுக்கும் என்பதால் இவற்றை மட்டும் வைத்து நோயை முடிவு செய்ய முடியாது.

கேள்வி: கால்களுக்கும் இப்படி ஏதாவது உண்டா? வீட்டிலேயே செய்யலாமா?

பதில்: உண்டு. நின்ற இடத்திலேயே, தொடை தரைக்கு இணையாக வரும்வரை காலை மாற்றி மாற்றித் தூக்கி 10 விநாடி நடக்க வேண்டும். எதையும் பிடிக்கக் கூடாது. ஆரோக்கியமானவர்கள் சுமார் 20 அடி எடுப்பார்கள். அதில் பாதியளவுக்கு இறங்கினால் சந்தேகம் வலுக்கிறது. முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கு இந்த எண் பொருந்தாது. இன்னொன்று, குதிகாலை மறுகால் விரலோடு ஒட்டிவைத்து நேர்கோட்டில் 10 அடி எடுத்துவைத்து நடப்பது. தள்ளாட்டம் இருப்பவர்கள் கால் சோதனைகளைத் தனியாகச் செய்யவே வேண்டாம்: சுவரோரம் நிற்க வேண்டும், பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். தேதி போட்டு எண்ணைக் குறித்து வையுங்கள். மாதத்துக்கு மாதம் அது குறைவது, ஒரே ஒரு நாளின் எண்ணை விட அதிகம் சொல்லும்.

கேள்வி: கை 25 முறை வருகிறது. அப்படியானால் பயமில்லையா?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. ஆரம்ப கட்டத்தில் எண்கள் சரியாகவே இருக்கலாம். நடையில் விறைப்பு, தலையைக் குனியும்போது முதுகில் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு, கையெழுத்து மாறுவது போன்றவை இருந்தால் எண் எதுவானாலும் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். (அந்த மின் உணர்வு பி12 குறைவிலும் வரும்.) சோதிக்கிறேன் என்று கழுத்தைத் திரும்பத் திரும்ப வளைக்காதீர்கள். சிறுநீரோ மலமோ கட்டுப்பாடில்லாமல் போனாலும், கீழே விழுந்த பிறகு கைகால் திடீரெனப் பலவீனமானாலும், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.