சேறு மறைத்த கார், பழைய முகவரிக்குப் போன கடிதம்: வாகனக் கேள்வி-பதில்

கேள்வி: அக்கா, வணக்கம். நான்கு மாதத்துக்கு முன் டர்பனில் ஒரு டீலரிடம் பழைய கார் வாங்கினேன். முதல் மாதமே டேஷ்போர்டு விளக்குகள் தாறுமாறாக எரிந்தன. இப்போது கண்ணாடி இறங்கினால் ஏறுவதில்லை, சில நாள் வண்டியே கிளம்புவதில்லை. தெரிந்த மெக்கானிக் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தால் அடியில் காய்ந்த சேறு! டீலரிடம் கேட்டேன். "ஃபுட்ஸ்டூட்ஸ் என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், இருக்கிறபடிதான் விற்றோம்" என்கிறார். எனக்கு வழி உண்டா?
(வாசகர், ஃபீனிக்ஸ்)

பதில்: உண்டு தம்பி. அடியில் சேறு என்றால், வெள்ளத்தில் நனைந்த வண்டியை உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. அந்தக் கையெழுத்தை நினைத்துப் பயப்படாதீர்கள். வண்டி விற்பதையே தொழிலாக வைத்திருப்பவர், 'இருக்கிறபடி' என்று ஒரு வரி போட்டுவிட்டு நழுவ முடியாது. நம் தென்னாப்பிரிக்காவில் 2011 முதல் நடப்பில் இருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 55, 56ஆம் பிரிவுகளைப் பாருங்கள். வண்டி கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் பெரிய குறை தெரிந்தால், பழுது பார்த்துத் தரச் சொல்லலாம், மாற்று வண்டி கேட்கலாம், பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். எது வேண்டும் என்று சொல்ல வேண்டியவர் நீங்கள். பழுது பார்க்க விட்டு, மூன்று மாதத்துக்குள் குறை திரும்பினாலோ புதுக்குறை கிளம்பினாலோ, அப்புறம் மாற்று வண்டி அல்லது பணம் என்ற இரண்டு வழிதான் டீலருக்கு.

"இது வெள்ளத்தில் நனைந்த வண்டி" என்று அவர் வெளிப்படையாகச் சொல்லி, நீங்களும் தெரிந்தே ஒப்புக்கொண்டிருந்தால் கேட்க முடியாது. ஃபுட்ஸ்டூட்ஸ் என்ற பொதுவான வரி அப்படிச் சொன்னதாக ஆகாது. தனி ஆளிடம் வாங்கியிருந்தால் உங்கள் பாடு கஷ்டம்: அவருக்குக் குறை தெரிந்திருந்தது, வேண்டுமென்றே மறைத்தார் என்று நீங்கள் காட்ட வேண்டியிருக்கும். அதே மாதிரி, பழைய வண்டியில் கதவு கிறீச்சிடுவதெல்லாம் குறையில் சேராது. விரிப்புக்கு அடியில் சேறு இருப்பதும் மின்சார வயரிங் கெட்டுப்போவதும் வேறு விஷயம்.

கெடு முடிய இரண்டு மாதம்தான் இருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள். சேற்றைக் கழுவுவதற்கு முன் படம் எடுத்து வையுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள்; வெளியில் எவ்வளவு துடைத்தாலும், சுருண்டு உள்ளே இருக்கும் பகுதியில் தண்ணீர் நின்ற கோடு தெரியும். சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டுகளில் துரு, ஸ்பேர் டயர் குழியில் வண்டல், ஹெட்லைட்டுக்குள் ஆவி, இவை எல்லாவற்றையும் மெக்கானிக் தாளில் எழுதிக் கையெழுத்திடட்டும். பிறகு டீலருக்கு மின்னஞ்சலில் உங்கள் கோரிக்கையை எழுதுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். அவர் மசியவில்லை என்றால் வாகனத் தொழில் பற்றிய புகார்களை விசாரிக்கும் மோட்டார் இண்டஸ்ட்ரி ஆம்பட்ஸ்மன் அலுவலகம் இருக்கிறது, புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது. அதற்கும் மேல் தேசிய நுகர்வோர் ஆணையம்.

2022 ஏப்ரல் வெள்ளம் நம் ஊரில் யாருக்கு மறக்கும்? டர்பனை ஒட்டிய புராஸ்பெக்டனில் டொயோட்டா ஆலைக்குள் தண்ணீர் புகுந்து மாதக்கணக்கில் உற்பத்தி நின்றது. நனைந்துபோன ஆயிரக்கணக்கான புது வண்டிகளைச் சந்தைக்கு விடாமல் அழித்துவிடுவதென்று அந்த நிறுவனம் முடிவெடுத்தது. நஷ்டம் பெரிது, ஆனால் செய்ய வேண்டியது அதுதான். வீட்டு வாசலில் நின்று நனைந்த வண்டிக்கு அப்படி முடிவெடுக்க ஆள் கிடையாது. காப்பீட்டு நிறுவனம் கைவிட்ட வண்டி ஏலத்துக்குப் போய், கழுவித் துடைத்து, நறுமணம் தெளித்து, மறுபடி ஷோரூமில் வந்து நிற்கலாம். பதிவுத்தாளில் கோட் 2, அதாவது சாதாரணப் பழைய வண்டி, என்று இருப்பதை மட்டும் நம்பாதீர்கள். தென்னாப்பிரிக்கக் காப்பீட்டுச் சங்கத்தின் இணையதளத்தில் வின் எண்ணை (ஒவ்வொரு வண்டிக்கும் உள்ள தனி அடையாள எண்) போட்டு, காப்பீட்டில் கைவிடப்பட்ட வண்டியா என்று தேட வசதி இருக்கிறது. வாங்க நினைக்கும் எல்லோரும் முன்பணம் கொடுப்பதற்கு முன் அதைச் செய்யுங்கள்.

கேள்வி: எங்கள் காருக்குப் பத்து வயதுக்கு மேல். நாங்கள் மூன்றாவது கை. ஏர்பேக்கை மாற்ற வேண்டும் என்று கம்பெனி அனுப்பிய கடிதம் முதல் உரிமையாளர் வீட்டுக்குப் போய், அவர் நல்ல மனிதர் என்பதால் எங்களிடம் வந்து சேர்ந்தது. செலவு எங்கள் தலையிலா? "ஓடுகிற வண்டியை ஏன் தொட வேண்டும்" என்கிறார் வீட்டுக்காரர்.
(வாசகி, சாட்ஸ்வொர்த்)

பதில்: ஒரு சென்ட்கூடச் செலவில்லை. ரீகால், அதாவது குறையுள்ள வண்டியைக் கம்பெனி திரும்ப அழைத்துச் சரிசெய்வது, வண்டிக்கு உரியது. எத்தனை கை மாறினாலும் கம்பெனிதான் இலவசமாக மாற்றித் தர வேண்டும். உங்கள் வீட்டுக்காரரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: இந்த வாரமே போக வேண்டும்.

கடிதத்தில் டகாட்டா என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஜப்பானிய நிறுவனம் செய்த ஏர்பேக்குகளில் காற்று நிரப்பும் பகுதியில் அம்மோனியம் நைட்ரேட் இருந்தது. சூடும் ஈரமும் பட்டுப் பட்டு அது வருடக்கணக்கில் கெட்டுப்போகும். மோதும்போது அளவுக்கு மீறி வெடித்து உலோகச் சில்லுகள் முகத்திலும் கழுத்திலும் பாயும். டர்பனின் புழுக்கம் அதற்கு ஆகவே ஆகாது. பழைய வண்டி என்பதால் ஆபத்து கூடுமே தவிரக் குறையாது. சோதனை முடிவுகளை வாகனக் கம்பெனிகளிடம் மாற்றிக் காட்டிய மோசடிக்கு அந்த நிறுவனம் 2017 ஜனவரியில் அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 100 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. அதே ஆண்டு ஜூனில் திவாலானது. எண்ணிக்கை மாற்றி எழுதிய அந்தத் தாள்களுக்குப் பின்னால் உயிர்கள் போயிருக்கின்றன.

நம் நாட்டில் ஃபோர்டு குகா கார் விவகாரம் நினைவிருக்கும். 1.6 லிட்டர் என்ஜின் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. 2015 டிசம்பரில் எரிந்த ஒரு குகாவில் ஒருவர் உயிரிழந்தார். அந்தத் தீக்கும் என்ஜின் குறைக்கும் தொடர்பில்லை என்றது கம்பெனி. 2016 கடைசியில், விருப்பமுள்ளவர்கள் வந்து வண்டியைச் சோதித்துக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். 4,556 வண்டிகளைத் திரும்பப் பெறும் ரீகால் 2017 ஜனவரி 16 அன்றுதான் வந்தது. என்ஜின் சூடேறி, சிலிண்டர் ஹெட்டில் விரிசல் விட்டு, எண்ணெய் கசிந்து தீப்பிடிப்பதாக அப்போது விளக்கினார்கள். பின்னர் நுகர்வோர் ஆணையத்துடன் செய்த உடன்பாட்டில் 3.5 கோடி ரேண்ட் அபராதம். எனக்கு ஆறாத கோபம் அந்த இடைப்பட்ட மாதங்கள் மேல்தான். வண்டிகள் எரிவது தெரிந்த பிறகும் குடும்பங்கள் அவற்றில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போயின. குறை வருவது எந்த ஆலையிலும் நடக்கும். சந்தேகம் வந்த அன்றே வண்டிக்காரரிடம் சொல்வதுதான் ஒரு கம்பெனியின் கடமை. வக்கீல்கள் வார்த்தைகளைச் சரிபார்க்கும் வரை அது காத்திருக்கக் கூடாது.

உங்களுக்குக் கடிதம் வந்தது அதிர்ஷ்டம். பழைய வண்டி வாங்கிய பலருக்கு வராது, கம்பெனியிடம் இருப்பது பழைய முகவரி. எனவே கண்ணாடியில் ஒட்டியிருக்கும் லைசென்ஸ் டிஸ்க்கில் உள்ள வின் எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்தப் பிராண்டின் எந்த டீலருக்கும் போன் செய்து, "இந்த வண்டியில் முடிக்காத ரீகால் ஏதாவது இருக்கிறதா" என்று கேளுங்கள். வேலை முடிந்ததும் எழுத்தில் வாங்கி வையுங்கள், பின்னால் விற்கும்போதும் உதவும்.

கேள்வி: புது பாக்கி (பிக்கப் வண்டி) வாங்கி ஒரு வருடம். மாமாவின் கராஜில் சர்வீஸ் செய்தால் வாரண்டி போய்விடும் என்று டீலர் மிரட்டுகிறார். உண்மையா?
(வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: உண்மை இல்லை. சந்தையில் நியாயமான போட்டியைக் கண்காணிக்கும் போட்டி ஆணையத்தின் வழிகாட்டு விதிகள் 2021 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கின்றன. வாரண்டி காலத்திலும் வெளிக் கராஜில் சர்வீஸ் செய்யலாம், அதற்காக மட்டும் வாரண்டியை ரத்து செய்யக் கூடாது. முன்கூட்டியே பணம் கட்டும் சர்வீஸ் பிளானையும் வண்டி விலையையும் தனித்தனியாகக் காட்ட வேண்டும் என்பதும் அதே விதிகளில்தான் வருகிறது. உங்கள் பில்லை எடுத்துப் பாருங்கள், பிளானுக்கு ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் அதை வீணாக்காதீர்கள்.

மாமா செய்த வேலையால் ஏதாவது சேதமானால், அந்தப் பகுதிக்குக் கம்பெனி பொறுப்பேற்க மறுக்கலாம். ஆகவே அவருடைய கராஜுக்கு வணிகக் காப்பீடு உண்டா என்று கேளுங்கள். உறவு என்று கூச்சப்பட வேண்டாம், வாடிக்கையாளரிடம் அதைச் சொல்வது கராஜின் கடமை. போட்ட ஆயில், ஃபில்டர் பெயரோடு தேதியும் கிலோமீட்டரும் எழுதிய பில் ஒவ்வொரு முறையும் வாங்குங்கள். ரீகால் வேலையும் வாரண்டியில் இலவசமாகச் செய்யும் பழுதும் டீலரிடம் போகட்டும். மற்றதெல்லாம் மாமாவிடம் தாராளமாகச் செய்துகொள்ளுங்கள்.