டிசைன் படித்தால் தீன் (மார்க்கம்) போய்விடுமா?

அஸ்ஸலாமு அலைக்கும் பாய். தம்புச்செட்டித் தெருவில் உங்கள் கடை வாசலில் நின்று டீ குடித்தபோது நீங்கள் கேட்ட கேள்வி மனதிலேயே இருக்கிறது. "டிசைன்னாலே விளம்பரம், பொம்பளை படம், பொய். நம்ம புள்ளைக்கு அது எதுக்கு? பேசாம இன்ஜினியரிங்ல சேர்த்துடவா?"

நான் ஆலிம் (மார்க்க அறிஞர்) இல்லை. உயிருள்ளவற்றை வரைவது எதுவரை கூடும் என்பதில் அறிஞர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. அதை உங்கள் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் படிப்பு ஆலோசகர் ஆவதற்கு முன்னால் பல வருடம் இந்த வேலையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், சோதனை வருவது வேறு இடத்தில்.

ஒரு கம்பெனியில் மனை விற்பனை நோட்டீஸ் செய்தேன். விலை அரைப் பக்கத்துக்கு. "மேம்பாட்டுக் கட்டணம் தனி" என்ற வரியை மட்டும் வெளிர்ச் சாம்பல் நிறத்தில் ஐந்து பாயிண்ட் பொடி எழுத்தில் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். அச்சாகி வந்ததும் கையில் எடுத்துப் பார்த்தால் எனக்கே படிக்க முடியவில்லை. அந்த நோட்டீஸில் ஒரு மனித முகம்கூடக் கிடையாது பாய். தென்னை மரமும் இரும்பு கேட்டும்தான். பார்வைக்கு அப்பழுக்கில்லாத ஹலால்!

குர்ஆனில் அல் முதஃப்பிஃபீன் சூரா (அத்தியாயம்), அளவில் குறைப்பவர்களுக்குக் கேடு என்றுதான் தொடங்குகிறது. தராசு பிடிக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டுவதும், செயலியில் "வேண்டாம்" பொத்தானைக் கண்ணுக்குத் தெரியாமல் மங்க வைப்பதும் ஒரே வேலைதான். கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, கடைசிப் பக்கத்தில் கட்டணத்தை ஏற்றுவது, சந்தாவை நிறுத்தவிடாமல் சுற்றலில் விடுவது என்று 13 தந்திரங்களை "டார்க் பேட்டர்ன்" என்று பட்டியலிட்டு, 2023 நவம்பரில் மத்திய அரசு தடை செய்திருக்கிறது. நாளைக்கு உங்கள் மகள் "இதைச் செய்ய மாட்டேன்" என்று சொன்னால், சட்டமும் அவள் பக்கம்தான்.

அவள் நோட்டை நீங்கள் பார்த்தீர்களா? நன்னிக்காக (பாட்டிக்காக) ஒரு மாத்திரை அட்டை வரைந்திருக்கிறாள். காலைக்குச் சூரியன், மதியத்துக்குச் சோற்றுத் தட்டு, இரவுக்குப் பிறை. நன்னி பிறையைப் பார்த்துவிட்டு, "இது சஹருக்கா?" என்று, நோன்புக்கு விடியுமுன் சாப்பிடும் நேரத்தை நினைத்துக் கேட்டிருக்கிறார். உடனே பிறையை எடுத்துவிட்டுத் தலையணை போட்டிருக்கிறாள். தனக்கு அழகாகத் தெரிந்ததை நன்னிக்காக விட்டுக்கொடுத்தாளே, அதைத்தான் நான் இஹ்ஸான் என்பேன். யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அல்லாஹ் பார்க்கிறான் என்ற நினைப்போடு வேலையைச் செய்வது.

தீனை டிசைனில் கொண்டுவருவது என்றால் பச்சை நிறமும் மினாரா (பள்ளிவாசல் கோபுரம்) படமும் போடுவது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். டாக்காவில் மெரினா தபஸ்ஸும் என்ற பெண் கட்டடக் கலைஞர், தன் பாட்டி கொடுத்த நிலத்தில் பைத்துர் ரவூஃப் பள்ளிவாசலைக் கட்டினார். குவிமாடம் இல்லை, மினாரா இல்லை. செங்கல் சுவர், கூரைத் துளைகள் வழியாகத் தரையில் விழும் வெளிச்சம், அவ்வளவுதான். 2016இல் கட்டடக் கலைக்கான ஆகா கான் விருது கிடைத்தது.

சரி, நடைமுறைக்கு வருவோம். மது லேபிள், வட்டிக் கம்பெனி விளம்பரம் செய்ய மாட்டேன் என்றால் அதை இன்டர்வியூவிலேயே சொல்லிவிடட்டும். சிலர் வேண்டாம் என்று அனுப்பிவிடுவார்கள். அந்த நஷ்டம் இருக்கத்தான் செய்யும், மறைக்க மாட்டேன். தனியாக ஆர்டர் எடுத்தால் தொகை, கெடு, எத்தனை முறை திருத்தித் தருவாள் எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். குர்ஆனிலேயே நீளமான வசனம் கடனை எழுதிவைப்பதைப் பற்றியதுதானே? அப்புறம், திருட்டு சாஃப்ட்வேர் வேண்டாம். நம் ஏரியாவில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள்! இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள் இலவசம். நோட்டோ, முக்தா மலர் போன்ற தமிழ் எழுத்துருக்களும் இலவசம்தான்.

படிப்புக்கு, 1850இல் தொடங்கிய எழும்பூர் அரசு கவின் கலைக் கல்லூரியில் விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன் இருக்கிறது. மண்ணடியிலிருந்து தினமும் போய் வரலாம். தரமணியில் நிஃப்ட் (ஃபேஷன் டிசைன் கல்லூரி) இருக்கிறது. ஐஐடியில் டிசைன் படிக்க என்றால் யூசீட் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், பிளஸ் டூவில் எந்தப் பிரிவானாலும் எழுதலாம். ஆனால் வெளியூரில் தங்கிப் படிக்க வேண்டியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அந்த நோட்டும் வரட்டும். பிறை வரைந்த பழைய பக்கத்தைக் கிழித்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். போர்ட்ஃபோலியோவில் (அவள் வேலைகளின் தொகுப்பில்) அதைத்தான் முதலில் வைக்கப் போகிறோம்.