தேதி இல்லாத சேதி

அன்புள்ள ஐயா,

நான் ஈரோட்டுக்காரி. வேலைக்காக இப்போது கோவையில் இருக்கிறேன். அப்பா பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். விடியற்காலை ஐந்து மணிக்கே எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அவருடைய ஃபார்வர்டுகள் தொடங்கிவிடும். போன வாரம் ஒரு வீடியோ போட்டார். பள்ளி வாசலில் ஒரு குழந்தையை வேனில் தூக்கிப்போட்டுக்கொண்டு போகிறார்கள். "நம்ம பக்கம்தான், எல்லாரும் ஜாக்கிரதையா இருங்க" என்று கூடவே எழுதியிருந்தார். தேடிப் பார்த்தேன். அது நம் நாடே இல்லை, பல வருடம் பழையது. உண்மை கண்டறியும் தளம் ஒன்றின் லிங்க்கை குரூப்பிலேயே போட்டு, "போடறதுக்கு முன்னாடி யோசிக்கவே மாட்டீங்களாப்பா" என்று கேட்டேன். சித்தப்பா மகன் சிரிக்கும் பொம்மையைப் போட்டான். அன்றிலிருந்து அப்பா என்னோடு பேசவில்லை. குரூப்பிலும் எதுவும் போடுவதில்லை. அம்மா என்னைத் திட்டுகிறார்.

இது வயதானவர்களின் பிரச்சினையா? செயற்கை நுண்ணறிவு வீடியோக்கள் வேறு வந்துவிட்டன, இனி எதைத்தான் நம்புவது? நான் பேசாமல் குரூப்பை விட்டு வெளியேறிவிடலாமா?

எம்,
கோவை

அன்புள்ள எம்,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் எனக்கும் ஒரு படம் வந்திருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். அந்தப் படம் மனதில் ஓடிக்கொண்டிருந்ததால்தான் உங்களுக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், வருத்தப்படாதீர்கள். நீங்கள் சொன்னது சரி, சொன்ன இடம் தப்பு. குடும்பமே பார்க்கிற இடத்தில் அப்பாவை நிற்கவைத்துக் கேள்வி கேட்டிருக்கிறீர்கள். தனியாக ஒரு போன் செய்திருக்கலாம். முப்பது வருடம் "படியில நிக்காதீங்க, உள்ள போங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்த மனிதர் அவர். முன்பின் தெரியாதவர்களின் பிள்ளைகளைப் படிக்கட்டிலிருந்து உள்ளே இழுத்துப் போட்டவர். அவருக்கு அந்த வீடியோவும் அப்படித்தான். யாருடைய குழந்தைக்கும் எதுவும் ஆகிவிடக்கூடாது, நாலு பேருக்குச் சொல்லிவைப்போம் என்று நினைத்திருக்கிறார். அந்த மனசுக்குக் கிடைத்தது ஒரு லிங்க்கும் ஒரு சிரிக்கும் பொம்மையும்.

வயதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எனக்கு வந்ததிலேயே விஷமான ஃபார்வர்டுகள் முப்பது வயதுக்காரர்கள் அனுப்பியவை. செயற்கை நுண்ணறிவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதை இன்னொரு நாள் பார்க்கலாம். ஏனென்றால் 2018இல் இந்தியா முழுக்க உயிர்களைக் காவு வாங்கிய வீடியோவில் ஒரு தொழில்நுட்பமும் இல்லை, ஒரு கத்தரிப்புதான் இருந்தது.

அந்த வீடியோவை நீங்கள் பார்த்திருக்கலாம். கண்காணிப்பு கேமராவில் பதிவானது போல இருக்கும். தெருவில் சிறுவர்கள் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். பைக்கில் இரண்டு பேர் வருகிறார்கள். பின்னால் இருப்பவன் ஒரு பையனை அள்ளிக்கொள்ள, பைக் பறந்துவிடுகிறது. மற்ற பிள்ளைகள் பின்னாலேயே ஓடுகிறார்கள். நமக்கு வந்தது இவ்வளவுதான். ஆனால் அது அங்கே முடியவில்லை. அதே பைக் திரும்பி வருகிறது, பையனை இறக்கிவிடுகிறார்கள், ஒருவர் ஒரு அட்டையை விரித்துக் காட்டுகிறார். கராச்சித் தெருவில் ஒரு குழந்தையைக் கடத்த ஒரு நொடி போதும் என்று அதில் எழுதியிருக்கிறது. காணாமல் போகும் குழந்தைகளுக்காக வேலை செய்யும் ரோஷ்னி ஹெல்ப்லைன் என்ற பாகிஸ்தான் அமைப்பு எடுத்த விழிப்புணர்வுப் படம் அது. நல்லெண்ணத்தோடு எடுத்தது.

அந்தக் கடைசிச் சில நொடிகளை யாரோ வெட்டினார்கள். இதை நான் எத்தனையோ இரவுகள் யோசித்திருக்கிறேன். எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று தெரிய வேண்டுமானால் அந்த ஆள் முழுப்படத்தையும் பார்த்திருக்க வேண்டும். பையன் பத்திரமாகத் தரையில் கால் ஊன்றியதைப் பார்த்திருக்கிறான். அட்டையைப் பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டுத்தான் கட்டைவிரலால் அந்த ஓரத்தைப் பிடித்து உள்ளே தள்ளியிருக்கிறான். மற்ற எல்லாரும் ஏமாந்தவர்கள், உங்கள் அப்பா உட்பட. அவன் ஒருவன்தான் தெரிந்து செய்தவன்.

2018 மே மாதம் போளூர் பக்கம் அத்திமூரில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கிறதா? குலதெய்வம் கும்பிட சென்னையிலிருந்து காரில் வந்த குடும்பம். வழி கேட்க வண்டியை நிறுத்தினார்கள். அங்கே இருந்த பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்தார்கள். குழந்தை கடத்த வடமாநிலத்திலிருந்து கும்பல் வந்திருக்கிறது என்று அதற்கு முன்பே ஊர் ஊராக வாட்ஸ்அப்பில் ஓடிக்கொண்டிருந்தது. அடித்தார்கள். அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா செத்துப்போனார், கூட வந்தவர்கள் படுகாயத்தோடு பிழைத்தார்கள். வெளியூரிலிருந்து வந்த ஒரு பாட்டி பிள்ளைகளைப் பார்த்தால் மிட்டாய் கொடுக்காமல் வேறென்ன செய்வார்? நம் வீட்டுக் கிழவிகள் எல்லோரும் அப்படித்தான், முந்தானையில் எதையாவது முடிந்து வைத்திருப்பார்கள்.

அதே வருடம் ஜூலை 1ஆம் தேதி, மகாராஷ்டிரத்தில் துலே மாவட்டத்தின் ரைன்பாடாவில், வாரச்சந்தைக்கு வந்த இடத்தில் ஐந்து பேரை அடித்துக் கொன்றார்கள். நாடோடிச் சமூகத்தினர், ஊர் ஊராகப் போய் யாசகம் கேட்டுப் பிழைப்பவர்கள். அதற்குச் சில நாள் முன்பு திரிபுராவில் நடந்ததைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. வதந்தியை நம்பாதீர்கள் என்று ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் ஊர் ஊராகச் சொல்லிவர அரசாங்கம் ஒருவரை அமர்த்தியிருந்தது. அவரையே பிள்ளை பிடிப்பவர் என்று அடித்துக் கொன்றுவிட்டார்கள்.

நீங்கள் ஈரோட்டுக்காரர் என்பதால் இதையும் சொல்கிறேன். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை வெட்டுகிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. திருப்பூரிலும் கோவையிலும் ரயில் நிலையங்களில் கூட்டம். ஹோலிக்குப் போகிறவர்கள் பாதி, பயந்து போகிறவர்கள் பாதி, யார் எது என்று பிரிக்கவே முடியவில்லை. பீகார் அரசு அதிகாரிகள் குழுவையே அனுப்பியது. தமிழ்நாடு காவல்துறை விசாரித்துச் சொன்னது என்ன? ஒரு வீடியோ திருப்பூரில் பீகார் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த சண்டை. இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டது. சண்டை நிஜம், ரத்தம் நிஜம், மேலே ஒட்டிய வரி மட்டும் பொய். 2018இல் வடக்கிலிருந்து வந்தவனைப் பார்த்து நாம் பயந்தோம், 2023இல் நம்மைப் பார்த்து அவன் பயந்தான். இரண்டிலும் வேலை ஒன்றுதான்: எங்கே நடந்தது, எப்போது நடந்தது என்பதைக் கழற்றிவிட்டுக் கையில் கொடுப்பது.

இதைத்தான் நான் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், என் நண்பர்களுக்கு அலுத்துப்போய்விட்டது. பொய்யா நிஜமா என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, தேதி எங்கே?

நான் சின்னப் பையனாக இருந்தபோது சாமி பேரில் கார்டு வரும். "இதைப் படித்தவர் ஒன்பது பேருக்கு எழுதி அனுப்பவும். அனுப்பியவருக்குப் புதையல் கிடைத்தது. அலட்சியம் செய்தவர் ரத்தம் கக்கிச் செத்தார்." அம்மாவுக்குப் பயம். பதினைந்து பைசா கார்டு ஒன்பது வாங்கிவந்து, ராத்திரி சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவிவிட்டு உட்கார்ந்து எழுதுவார். ஆறாவது கார்டில் விரல் வலிக்கும். "சாமிக்குத் தெரியாதா நம்ம கஷ்டம்" என்று மீதி மூன்றைச் சித்திக்குக் கடிதம் எழுத எடுத்து வைத்துவிடுவார். கை வலித்ததால் அந்தக் கார்டுகள் ஒரு அளவோடு நின்றன. வாட்ஸ்அப் காரர்களுக்கு இது தாமதமாகத்தான் புரிந்தது. 2018 ஜூலையில் இந்தியாவில் ஒரு தடவைக்கு ஐந்து சாட்டுக்கு மேல் ஃபார்வர்டு பண்ண முடியாது என்று ஆக்கினார்கள்; குரூப்பும் ஒரு சாட்தான். 2020 ஏப்ரலில், ஏற்கெனவே பலமுறை கைமாறியதை ஒரு தடவைக்கு ஒரு சாட்டுக்கு மட்டும்தான் அனுப்பலாம் என்றார்கள். அதற்குப் பிறகு அப்படிப்பட்ட செய்திகள் பரவுவது 70 சதவீதம் குறைந்ததாக அவர்களே சொன்னார்கள். வேறொன்றும் செய்யவில்லை, கொஞ்சம் கை வலிக்கச் செய்தார்கள்.

என் அப்பா வேறு மாதிரி. எந்தக் கார்டு வந்தாலும் முதலில் வெளிச்சத்தில் பிடித்து அந்தக் கறுப்பு முத்திரை வட்டத்தைத்தான் படிப்பார். எழுத்து பாதி அழிந்திருக்கும். "மன்னார்குடி. மூணாம் தேதி போட்டிருக்கான்" என்பார். அதற்குப் பிறகுதான் விஷயத்துக்கே வருவார். உடம்பு சரியில்லை என்று கார்டு வந்தால், மூன்றாம் தேதி சரியில்லாமல் இருந்தவர் இன்றைக்கு எப்படி இருக்கிறாரோ என்று ஒரு கணம் யோசிப்பார். சேதி என்றால் அதற்கு ஒரு ஊரும் ஒரு நாளும் உண்டு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இப்போது நம் கைக்கு வருவது எல்லாம் இன்றைக்கு, இப்போதே, பக்கத்துத் தெருவில் நடந்த மாதிரியே வருகிறது. கேட்டால் "எனக்கு வந்தது, அப்படியே அனுப்பினேன்" என்கிறார்கள். இந்தப் பேச்சுதான் எனக்கு ஆகவே ஆகாது. வந்ததை அப்படியே அனுப்பக் குழாய் போதும், மனிதர்கள் எதற்கு?

இந்தக் கோபம் எனக்கு எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். 2015இல் ஒரு படம் வந்தது. மஞ்சள் கவுன் போட்ட நாலு வயதுப் பெண் குழந்தை, ஒற்றைச் சடை, கையில் ஒரு பலூன் நூல், பலூன் படத்தில் இல்லை. "காணவில்லை. கண்டால் இந்த எண்ணுக்குச் சொல்லவும். பெற்றோரிடம் சேரும்வரை பகிரவும்." பதினொரு குரூப்புகளுக்கு அனுப்பினேன். நல்லது செய்தேன் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

2018இல் அதே படம் திரும்ப வந்தது. கவுன்கூட மாறவில்லையே என்று முதல் தடவையாக உறைத்தது. அந்த எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் ஹலோ சொல்லவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் "கிடைச்சுட்டா சார்" என்றார். பிறகு மெதுவாகப் பேசினார். தேர்த் திருவிழாக் கூட்டத்தில் கையை விட்டுவிட்டதாம் குழந்தை. பதறிப்போய்த் தம்பி போட்ட படம் அது. அன்றைக்கே ராத்திரி எட்டரைக்கெல்லாம் ஒரு பூக்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இப்போது இரண்டாம் வகுப்பு. அவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். அந்த எண் வண்டியில் எழுதியிருக்கிறது, மாற்றினால் சவாரி போய்விடும். மூன்று வருடமாக நடு ராத்திரியில்கூட அழைப்பு வருகிறது. சிலர் அழுகிறார்கள், சிலர் உங்களுக்காகப் பிரார்த்திக்கிறோம் என்கிறார்கள், சிலர் பெத்த பிள்ளையைப் பார்த்துக்கத் தெரியாதா என்று திட்டுகிறார்கள்.

அப்புறம் ஒன்று சொன்னார். ஒருநாள் குழந்தையும் அம்மாவும் பஸ்ஸில் போயிருக்கிறார்கள். யாரோ போனையும் குழந்தையின் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுக் குரல் கொடுத்திருக்கிறார்கள். பஸ்ஸை நிறுத்தி, அந்த அம்மாவை இறங்கவிடாமல் சுற்றி நின்று, "இது உன் பிள்ளைங்கறதுக்கு என்ன ஆதாரம்" என்று கேட்டிருக்கிறார்கள். குழந்தை அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அலறியதைக்கூட, மிரட்டி வைத்திருக்கிறாள் என்று சொன்னார்களாம். நடத்துநர் ஒருவர்தான் குறுக்கே நின்று, கூட்டத்தை விலக்கி, கணவருக்குப் போன் போட்டுக் கொடுத்திருக்கிறார். அத்திமூர் நடந்து சில மாதங்கள்கூட ஆகவில்லை அப்போது.

அந்தப் பஸ்ஸில் சுற்றி நின்றவர்களில் ஒருவருக்கு அந்தப் படம் நான் அனுப்பிய பதினொன்றின் வழியாகப் போய்ச் சேர்ந்திருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எனக்கு அந்த எண்ணம் இன்றுவரை போகவில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். குரூப்பை விட்டு வெளியேற வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஈரோட்டுக்குப் போங்கள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, குரூப்பில் வைத்துக் கேட்டது தப்பு என்று முதலில் சொல்லுங்கள். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், டிவியைப் பார்த்துக்கொண்டிருப்பார், பரவாயில்லை. பிறகு கராச்சி வீடியோவை உங்கள் போனிலேயே போட்டு, பைக் திரும்பி வரும்வரை, பையன் இறங்கி நிற்கும்வரை முழுசாகக் காட்டுங்கள். விளக்கம் எதுவும் வேண்டாம். தேதி பார்க்காமல் ஒரு பாஸைக்கூட விட்டிருக்க மாட்டார் அவர். அவருக்குப் புரியும். அந்தச் சித்தப்பா மகனிடமும் நான் சொன்னதாக ஒரு வார்த்தை சொல்லுங்கள், பெரியவர் ஒருவர் தலைகுனியும்போது பொம்மை போட்டுச் சிரிப்பது அசிங்கம்.

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில் எனக்கு வந்த படமும் அதேதான். மஞ்சள் கவுன், ஒற்றைச் சடை, பலூன் இல்லாத நூல். அவளுக்கு இப்போது பதினாலு வயது ஆகியிருக்கும். அனுப்பியவர் நல்ல மனிதர், பேரன் பேத்தி எடுத்தவர். அவரைக் கூப்பிட்டு, "கிடைச்சுட்டா, அன்னைக்கே ராத்திரி எட்டரைக்குக் கிடைச்சுட்டா" என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு "அப்பாடா" என்றார். உங்களுக்கு யார் அனுப்பினார்களோ அவர்களுக்கும் இதைச் சொல்லிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். சாயங்காலம் அவரே திரும்பக் கூப்பிட்டு, சொல்லிவிட்டேன் என்றார்.