புதுப் பாட்டு எங்கே கிடைக்கும்? திருப்பூர் தம்பிக்கு ஒரு பதில்

கேள்வி: "ஏனுங்கண்ணா, நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். தமிழ் ராப், சினிமாவில் சேராத இண்டி பாட்டு என்றால் உயிர். ஆனால் யூடியூப் திரும்பத் திரும்ப அதே பத்துப் பாட்டைத்தான் காட்டுகிறது. புதிதாக யார் என்ன வெளியிட்டார்கள் என்று மூன்று மாதம் கழித்துத்தான் தெரிகிறது. நல்ல பாட்டு சிக்கி, குரூப்பில் போட்டாலும் யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. சிலர் 'லிங்க் வேண்டாம், எம்பி3 அனுப்பு' என்கிறார்கள். என்ன செய்யலாமுங்க?"

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் ஈரோட்டில் என் மாமா வைத்திருந்த, கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் ரெக்கார்டிங் சென்டர் ஞாபகம் வந்துவிட்டது. பள்ளிக்கூட லீவில் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன். வருகிறவர்கள் சிக்ஸ்டி கேசட்டா, நைன்ட்டி கேசட்டா (அறுபது நிமிஷமா, தொண்ணூறா) என்று சொல்லி, துண்டுச் சீட்டில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பி சைடு கடைசியில் நாலு நிமிஷம் மிச்சம் விழுந்தால், லிஸ்டில் இல்லாத ஒரு பாட்டை மாமா தன் இஷ்டத்துக்குப் பதிந்துவிடுவார். அடுத்த வாரம் அந்த ஆள் வந்து கேட்பது அதைப் பற்றித்தான். "கடைசியா ஒண்ணு போட்டிருந்தீங்களே, அது யாருங்க?"

இப்போது அந்த வேலையை ஆப் செய்கிறது. ஆனால் அது நீங்கள் கொடுத்த லிஸ்டையே திருப்பித் திருப்பிப் பதிகிறது. நீங்கள் ஏற்கெனவே கேட்டது என்ன, உங்களைப் போன்ற ரசனைக்காரர்கள் கேட்டது என்ன என்பதுதான் அதன் கணக்கு. நேற்று வெளிவந்து எழுபது பேர் மட்டும் கேட்ட பாட்டு அந்தக் கணக்கில் எப்படி வரும்? அதற்காக ஆப்பைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. அதற்கு நாம் போடுகிற தீனியை மாற்ற வேண்டும்.

முதலில் சின்ன வேலை. பாட்டைக் கேட்பது வேறு, பாடுகிறவரை ஃபாலோ செய்வது வேறு. பாட்டுக் கேட்கும் ஆப்பான ஸ்பாட்டிஃபையில் 'ரிலீஸ் ரேடார்' என்று ஒரு பட்டியல் வெள்ளிக்கிழமைதோறும் புதுப்பிக்கப்படும். நீங்கள் ஃபாலோ செய்கிறவர்களும் அதிகம் கேட்கிறவர்களும் வெளியிட்ட புதுப் பாட்டுகள் அதில் வரும். ஒரு கலைஞர் தன் பாட்டை வெளியீட்டுக்கு 7 நாள் முன்பே அங்கே சமர்ப்பித்திருந்தால், அது அவரை ஃபாலோ செய்கிறவர்களின் ரேடாருக்குப் போய்ச் சேரும். ஆக, நாற்பது பேரை ஃபாலோ செய்து வைத்தால் வெள்ளிக்கிழமை உங்களுக்குச் சந்தை நாள். திங்கட்கிழமை வரும் 'டிஸ்கவர் வீக்லி'யை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அதில் வருவது நீங்கள் கேட்காத பாட்டு, அவ்வளவுதான். பத்து வருஷப் பழசாகக்கூட இருக்கும்.

ஏன் வெள்ளிக்கிழமை என்று கேட்பீர்கள். முன்பெல்லாம் புது ஆல்பம் இங்கிலாந்தில் திங்கள், அமெரிக்காவில் செவ்வாய் என்று நாட்டுக்கு ஒரு நாளில் வரும். 2015 ஜூலை 10 முதல் உலகம் முழுக்க வெள்ளி என்று ஆக்கிவிட்டார்கள். நம்மவர்கள் இதற்கெல்லாம் முழுசாகக் கட்டுப்படுவதில்லை. பொங்கலுக்கு ஒன்று, பிறந்தநாளுக்கு ஒன்று என்று நினைத்த நாளில் யூடியூபில் ஏற்றிவிடுவார்கள். அதனால் சின்னக் கலைஞர்களின் சேனலில் சப்ஸ்கிரைப் மட்டும் போதாது. பக்கத்தில் இருக்கும் மணியை அழுத்தி 'ஆல்' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, யாரை ஃபாலோ செய்வது? உங்கள் கேள்வியின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. பாட்டைத் தேடிப் போகாதீர்கள், பாட்டுக்குப் பின்னால் இருக்கிற பெயரைத் தேடிப் போங்கள். ஸ்பாட்டிஃபையில் மூன்று புள்ளியைத் தொட்டால் கிரெடிட்ஸ் இருக்கும். யூடியூபில் டிஸ்கிரிப்ஷனை முழுசாக விரித்துப் படியுங்கள். பீட் யாருடையது, மிக்ஸ் யார், கிடார் யார், நடுவில் எட்டு வரி பாடிய விருந்தாளி யார் என்று எழுதியிருப்பார்கள்.

ஒரு நூலைப் பிடித்துக் காட்டுகிறேன். 2021இல் 'எஞ்சாயி எஞ்சாமி' கேட்காதவர் கிடையாது. பாடகி தீயும் ராப்பர் அறிவும் பாடியது, தயாரித்தவர் சந்தோஷ் நாராயணன். இதில் அறிவின் பெயரை மட்டும் பிடியுங்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 2019இல், ஆஃப்ரோ என்ற தயாரிப்பாளரோடு சேர்ந்து 'தெருக்குரல்' என்று ஒரு ஆல்பமே போட்டிருக்கிறார். அறிவு 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவிலும் இருந்தவர். அந்தக் குழுவை 2017இல் தொடங்கியவர்கள் இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசைக்கலைஞர் டென்மாவும். டென்மாவைத் தேடினால் 'குரங்கன்' என்ற பேண்டு வரும். அதில் அவரோடு இருந்தவர் கபேர் வாசுகி. கபேர் வாசுகியின் பாட்டுகளோ ராப்புக்குச் சம்பந்தமே இல்லாத தனி உலகம். கிடாரும் பேச்சு மாதிரியான பாடலும். பாருங்கள், ஊரே கேட்ட ஒரு ஹிட்டிலிருந்து கிளம்பி நாலாவது பெயரில் தமிழ் இண்டியின் இன்னொரு மூலைக்கு வந்துவிட்டோம். எந்த ஆப்பும் இந்த வழியில் உங்களைக் கூட்டிப்போகாது. இதற்குச் செலவு, ஒரு டீ குடிக்கிற நேரம்.

இதே மாதிரி ஆளுக்கு ஒரு நூல் பிடியுங்கள். ஆனால் நூல் சென்னையோடு நின்றுவிடக் கூடாது. தமிழ் ராப்பின் வேர் பாதி கடல் தாண்டித்தான் இருக்கிறது. மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா குழுவோடு 'வல்லவன்' ஆல்பத்தை 2006இல் கொண்டுவந்தார். நம்ம கோயம்புத்தூர்க்காரர் ஆதி, ஜீவாவோடு சேர்ந்து 'ஹிப்ஹாப் தமிழன்' போட்டது 2012இல். சிங்கப்பூரில் யங் ராஜா தமிழும் ஆங்கிலமும் கலந்து பாடுகிறார். யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ஷான் வின்சென்ட் டி பால், யாஞ்சனின் மிருதங்கத்துக்கு ராப் செய்திருக்கிறார். உறுமி மேளம் கேட்டு வளர்ந்த நம்ம காதுக்கு அது அந்நியமாகவே இருக்காது. இப்படி ஊருக்கு இரண்டு பேரைப் பிடித்தால், அவர்கள் யாரோடு சேர்ந்து பாடுகிறார்களோ அவர்கள் தானாக வந்து சேருவார்கள்.

அப்புறம், உங்கள் கம்பெனியிலேயே ஒடிசா, பீகார் பிள்ளைகள் இருப்பார்களே. ஒன்றரை ஷிப்ட் வேலை முடிந்து ராத்திரி போகும்போது அவர்கள் போனில் என்ன ஓடுகிறது என்று ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். ஒடியாவில் ராப் இருப்பதே எனக்கு அப்படித்தான் தெரிந்தது. டீக்கடையில் பக்கத்தில் நின்ற பையன் சொன்னான்.

தேடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது, எழுத்து. ஆப்பில் பெரும்பாலும் பெயரை ஆங்கில எழுத்தில்தான் போடுகிறார்கள். 'தமிழ்' என்ற ஒரு சொல்லையே மூன்று நாலு விதமாக எழுதுவார்கள். 'ழ'வுக்கு ஒருத்தர் எல் போடுவார், இன்னொருத்தர் இசட் எச் போடுவார். முதல் தேடலில் வரவில்லை என்றால் பாட்டே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு மூன்று விதமாக அடித்துப் பாருங்கள், தமிழ் எழுத்திலும் ஒரு தடவை பாருங்கள். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் இருவர் பாட்டும் ஒரே பக்கத்தில் கலந்து கிடப்பதும் உண்டு. திடீரென்று வேற்றுமொழிப் பாட்டு ஒன்று நடுவில் வந்தால் காரணம் அதுதான். யூடியூபில் 'தமிழ் ராப்' என்று மட்டும் அடித்தால் ஒரு மணி நேர நான்ஸ்டாப் தொகுப்புகள்தான் வந்து கொட்டும். 'சைஃபர்' (ராப்பர்கள் கூடி நின்று மாறி மாறிப் பாடுவது), 'ஃப்ரீஸ்டைல்' (அந்த இடத்திலேயே வரி கட்டிப் பாடுவது) என்ற சொற்களையோ ஊர்ப் பெயரையோ சேர்த்து, ஃபில்டரில் 'திஸ் வீக்' வைத்துத் தேடுங்கள். குப்பையும் வரும், பரவாயில்லை. பஞ்சு கொஞ்சம் பறக்காமல் நூல் வருமா?

'இண்டி' என்ற சொல்லையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். சினிமாவில் வராத எல்லாவற்றுக்கும் இப்போது அந்தப் பெயர்தான். பெரிய மியூசிக் கம்பெனி பணம் போட்டு எடுத்த வீடியோவும் இண்டி, கோபிசெட்டிபாளையத்தில் ஒரு பையன் படுக்கையறையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு மைக்கில் பாடியதும் இண்டி. முதல் வகை மோசம் என்று சொல்லவில்லை. சாய் அபயங்கர் 2024இல் அந்த வழியாகத்தான் தனிப்பாடல்களில் பேர் வாங்கி, சினிமாவுக்கு இசையமைக்கப் போனார். ஆனால் அந்த வகைப் பாட்டை நீங்கள் தேட வேண்டியதே இல்லை. ரீல்ஸ் வழியாக அதுவே வீடு தேடி வரும். உங்கள் நேரத்தை இரண்டாவது வகைக்கு வையுங்கள். இன்னும் கேட்டால், கொங்கு நாட்டுக் கும்மியாட்டமான வள்ளிக்கும்மியின் பாட்டை ரெக்கார்ட் செய்து தாங்களே யூடியூபில் ஏற்றுகிற நம்ம ஊர் ஆசிரியர்களைவிடச் சுத்தமான இண்டி எனக்குத் தெரியவில்லை.

தமிழ் தாண்டி வெளிநாட்டு இண்டி, அண்டர்கிரவுண்ட் ஹிப்ஹாப் வேண்டுமென்றால், கலைஞர்கள் தங்கள் பாட்டை நேரடியாக விற்கிற பேண்ட்கேம்ப் தளத்துக்குப் போங்கள். இசை வகையை வைத்தும் ஊரை வைத்தும் தேடலாம். விற்கிற பணத்தில் சராசரியாக 82 சதவீதம் கலைஞருக்குப் போகிறது என்று அந்தத் தளமே சொல்கிறது. 2020இல் ஆரம்பித்த 'பேண்ட்கேம்ப் ஃப்ரைடே' நாட்களில் தளம் தன் பங்கையும் விட்டுக்கொடுக்கிறது. அதனால் பலர் அந்த நாளுக்கென்றே புதுப் பாட்டைப் பிடித்து வைத்திருந்து வெளியிடுவார்கள்.

இனி பகிர்வது. குரூப்பில் யாரும் திறக்கவில்லை என்று வருத்தப்படுகிறீர்களே, நீங்கள் எப்படி அனுப்புகிறீர்கள்? பெரும்பாலும் மொட்டை லிங்க்தான் இருக்கும். கூடவே ஒரு நெருப்புப் பொம்மை. அதைப் பார்க்கிறவருக்கு அது பாட்டா, ஆஃபரா, மோசடியா என்றே தெரியாது. ஐந்து லிங்க்கைச் சேர்த்து அனுப்பினால் கேட்கவே வேண்டாம், ஐந்தும் போச்சு.

வாரத்துக்கு ஒன்று மட்டும் அனுப்புங்கள். கூட ஒரு வரி. "செம பாட்டு" என்று எழுதினால் அது வரி ஆகாது. எந்த இடத்தில் காதை வைக்க வேண்டும் என்று சொல்லுங்கள்: "ஒரு நிமிஷம் பத்து செகண்டில் பீட் நின்று பறை மட்டும் வருது, அதைக் கேளுங்க." யூடியூபில் ஷேர் செய்யும்போதே எந்த நொடியிலிருந்து தொடங்க வேண்டும் என்று குறிக்க வசதி இருக்கிறது. ஒருத்தரிடம் ஸ்பாட்டிஃபை இருக்கும், இன்னொருத்தரிடம் ஆப்பிள் மியூசிக் இருக்கும், மிச்சப் பேரிடம் யூடியூப் மட்டும். 'சாங் டாட் லிங்க்' என்ற தளத்தில் எந்த ஆப்பின் லிங்க்கை ஒட்டினாலும், எல்லா ஆப்புக்கும் சேர்த்து ஒரே பக்கமாகக் கொடுக்கும். அதை அனுப்பினால் "எங்கிட்ட அந்த ஆப் இல்லீங்" என்ற சாக்கு அடிபட்டுப் போகும்.

ஒரு எச்சரிக்கை. அனுப்பும் முன் கடைசி வரை கேட்டுவிடுங்கள். முதல் சரணத்தை மட்டும் கேட்டுவிட்டு ஒரு ராப்பை எங்கள் ஒறம்பரை (சொந்தக்காரர்கள்) குரூப்பில் போட்டேன். இரண்டாவது சரணத்தில் அந்தப் பையன் யாரையோ வாய்க்கு வந்தபடி வைதிருந்தான். பெரியம்மாவிடமிருந்து வாய்ஸ் நோட் வந்தது: "ஏங்கண்ணு, பாட்டுன்னு சொன்னே, வையறாப்பல இருக்குது?" கெட்ட வார்த்தை உள்ள பாட்டுக்குப் பக்கத்தில் ஆங்கில 'ஈ' எழுத்து ஒரு சின்னக் கட்டத்தில் இருக்கும். ஆனால் சின்ன வெளியீடுகளில் அதைப் போட மறந்துவிடுகிறார்கள். அதை நம்பி இருக்காதீர்கள்.

எம்பி3 கேட்கிறவர்களுக்கு என்ன சொல்வது? காப்புரிமைச் சட்டம் என்று ஆரம்பித்தால் யாரும் கேட்க மாட்டார்கள். கணக்கைச் சொல்லுங்கள், திருப்பூரில் கணக்கு எடுபடும். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு விதி. கடந்த 12 மாதத்தில் ஒரு பாட்டு 1,000 தடவையாவது ஓடியிருந்தால்தான் அதற்கு ராயல்டி, அதாவது பாட்டுக்குச் சேர வேண்டிய பணம், கணக்கிடுவார்கள். 999 ஓடினால் பூஜ்யம். 30 நொடி கேட்டால்தான் அது ஒரு தடவை. உங்கள் குரூப்பில் 40 பேர் என்று வையுங்கள். ஆளுக்கு வருஷத்தில் 25 தடவை கேட்டால் ஆயிரம் வந்துவிடும். அதாவது இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கேட்டாலே ஒரு பையனின் பாட்டு அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். அதே 40 பேருக்கும் எம்பி3 போனால் நாற்பது பேரும் தினம் கேட்டாலும் கணக்கில் ஒன்றும் ஏறாது. ஸ்டேட்டஸில் ஸ்க்ரீன் ரெக்கார்டிங் வைப்பதும் அதே கதைதான். அதற்காக ஒரே போனில் ராத்திரி முழுக்க ஓட விடாதீர்கள். கேட்கிற ஆட்களும் வேறு வேறாக இருக்க வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. போலியாக ஓட்டுகிறார்கள் என்று சந்தேகம் வந்தால் அந்தப் பாட்டையே எடுத்துவிடுவார்கள், நஷ்டம் அந்தப் பையனுக்கு.

வெள்ளிக்கிழமை ராத்திரி ரேடாரைக் கேளுங்கள், சனிக்கிழமை சம்பளம் வாங்கிய சந்தோஷத்தில் ஊரே இருக்கும்போது ஒரு பாட்டை அனுப்புங்கள். முதல் மாதம் பதில் வராது. என்றைக்காவது ஒருத்தர், குரூப்பில்கூட இல்லை, தனியாக வந்து "அது யாருங்க?" என்று கேட்பார். அடுத்த பாட்டை அவருக்கு மட்டும் அனுப்புங்கள்.