தூக்கும்போது மட்டும் கடிக்கிறதா?

ஏழு மாதமாக வீட்டில் வளர்க்கும் பறக்கும் அணில் தூக்கினால் மட்டும் கடிக்கிறது, மகளின் விரலையும் கடித்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் உங்கள் மகளின் விரலைக் கவனியுங்கள். அணில் கடித்து மனிதருக்கு வெறிநோய் வருவது கேள்விப்படாத அளவுக்கு அரிது. இணையத்தில் எதையோ படித்துவிட்டு இரண்டு இரவு தூங்கவில்லை என்கிறீர்கள். அந்த நேரத்தில் காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவியிருக்கலாம். அணிலின் முன்பல் குறுகலாக, ஆழமாக இறங்கும். மேலே மூடிக்கொண்டு உள்ளே சீழ் வைக்கும். இன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். எந்த ஊசி தேவை என்பதை அங்குள்ள மருத்துவர் சொல்லட்டும்.

பல் ஆரஞ்சு நிறமாக மாறியிருப்பது நோயல்ல. அணிலுக்கு அதுதான் நல்ல பல். பகல் முழுவதும் தூங்குகிறதா? பறக்கும் அணில் இரவுப் பிராணி, தூங்கத்தான் செய்யும்.

என்னைக் கவலைப்படுத்தியது நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி: "முன்பெல்லாம் திரைச்சீலையிலிருந்து கட்டிலுக்குத் தாவும், இப்போது மெதுவாக இறங்கி வருகிறது." இதே அணில் கையை நீட்டினால் முகர்ந்து பார்க்கிறது, மடியில் வந்து படுக்கிறது. இடுப்பைப் பிடித்துத் தூக்கினால்தான் கடிக்கிறது. வளர்ந்துவிட்டது, காட்டுக் குணம் வந்துவிட்டது என்கிறார் உங்கள் கணவர். அப்படியும் நடக்கும். ஆனால் காட்டுக் குணம் வந்த அணில் கூண்டுக்குள் கை வைத்தாலே சீறும், தாவுவதை நிறுத்தாது. உங்கள் அணிலுக்கு வலிக்கிறது என்றே நினைக்கிறேன்.

ஏழு மாதமாக அது தின்றதைப் பாருங்கள்: பிஸ்கெட், வாழைப்பழம், வேர்க்கடலை, சூரியகாந்தி விதை. இவற்றில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. ரத்தத்துக்கு வேண்டிய கால்சியத்தை உடம்பு எலும்பிலிருந்து உருவிக்கொள்ளும். இப்படி வளர்ந்த ஒரு குட்டியை வனக்காவலர் ஒருவர் என்னிடம் கொண்டுவந்தார். தலையைத் தடவினேன், கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. விரல் தொடைக்கு வந்ததும் துண்டைக் கவ்விக் கிழித்தது. எக்ஸ்ரேயில் தொடை எலும்பு எங்கே முடிகிறது, சதை எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை, அவ்வளவு மங்கலாக இருந்தது. இந்த நிலையில் ஒரு சாதாரணத் தாவலே முதுகெலும்பை முறித்துவிடும்.

பின்னங்காலை இழுத்து நடந்தாலோ, உடம்பு வெடவெடத்தாலோ, வலிப்பு வந்தாலோ ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள். இரவானாலும் கால்நடை மருத்துவரை எழுப்புங்கள். ரத்தத்தில் கால்சியம் அடியோடு இறங்கிவிட்டது அல்லது முதுகெலும்பு முறிந்துவிட்டது என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம்; உயிருக்கே ஆபத்து.

மருந்துக்கடையில் கேட்டு, குழந்தைக்குக் கொடுக்கும் வைட்டமின் டி சொட்டு மருந்தை வாங்கி வைத்திருக்கிறீர்களே, அதைத் திறக்கவே திறக்காதீர்கள். குழந்தையின் எடை எங்கே, இதன் எடை எங்கே! அளவு மீறினால் கால்சியம் எலும்பில் சேராது, சிறுநீரகத்தில் படியும். மனிதருக்கான வலி மாத்திரையும் வேண்டாம். ஒரு யூடியூப் காணொளியைப் பார்த்து யாரோ சொட்டு மருந்து ஊற்றிய பிராணியை நான் காப்பாற்ற முடியாமல் போன நாட்கள் உண்டு.

சரி, இப்போது என்ன செய்வது? ஏற முடியாதபடி தாழ்வான பெட்டியில் பழைய துணி விரித்து விடுங்கள். பிஸ்கெட்டையும் விதைகளையும் நிறுத்துங்கள். காட்டில் அது தின்பது இலை, அத்திப் பழம், மரப்பட்டை. அத்தி, ஆல் துளிர்களையும் பழங்களையும் கொடுங்கள். முருங்கைக் கீரையில் கால்சியம் உண்டு, அதையும் சேர்க்கலாம்.

அப்புறம், சொல்லாமல் விட முடியாத ஒன்று. பறக்கும் அணில் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. வீட்டில் வளர்ப்பது குற்றம். தேயிலைத் தோட்டத்தில் கண் திறக்காமல் கிடந்த குட்டிக்கு இரவெல்லாம் விழித்துப் பால் புகட்டிய உங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இனி அதற்குத் தேவையான சிகிச்சையை வீட்டில் கொடுக்க முடியாது. வால்பாறை வனச்சரக அலுவலகத்துக்குப் போன் செய்து, மரத்திலிருந்து விழுந்த குட்டி, கால்சியம் குறைபாடு இருக்கலாம், எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். எதைத் தின்று வளர்ந்தது என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், மருத்துவருக்கு உதவும். ஒப்படைக்கும்போது இடுப்பைப் பிடித்துத் தூக்க வேண்டாம். தூங்கும் பகல் நேரத்தில், பெட்டியோடு கொடுத்துவிடுங்கள்.